கொழும்பு விமானத்தின் கடனுக்கு ரூபாயைக் குற்றம் சொல்லலாமா?

கீழக்கரையார்:

மதுரையில் ஏறிக் கொழும்பில் மாறி வளைகுடாவுக்குப் போய்வரும் நம் கரைக்காரர்களுக்கு, இலங்கை அரசின் விமான நிறுவனமான ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் புதிய பெயர் அன்று. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் தெருவில் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. இருந்தவர்களில் பெரும்பாலோர், அது ஆள்பவர்கள் தின்று தீர்த்த நிறுவனம் என்றும், 2024இல் வாங்க வந்தவர்களிடம் தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்றும் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கொழும்பு புறக்கோட்டையில் முப்பது ஆண்டுகள் கடை நடத்தியவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தெருவில் என்னை முழுதாகப் பேச விடவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

விமான நிறுவனம் என்பது சரக்கையெல்லாம் டாலரில் வாங்கி, ஒரு பங்கையாவது உள்ளூர்ப் பணத்தில் விற்க வேண்டிய கடை. விமானக் குத்தகை, எரிபொருள், என்ஜின் பழுதுபார்ப்பு, காப்பீடு, வாங்கிய கடனுக்கு வட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும். 2022 மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி ரூபாயைப் பிடித்திருந்த கையை விட்டது. டாலர் ஒன்றுக்கு 200 ரூபாய் என்றிருந்த விலை மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இடையில் ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்திவைப்பதாக அந்த நாடே அறிவித்தது.

அந்த நிறுவனம் 2019இல் அரசின் உத்தரவாதத்துடன் 7 சதவீத வட்டிக்கு 17.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றிருந்தது. கொழும்பு நாளேடுகள் இதைப் பிணைமுறி என்று எழுதும். டாலர் 200 ரூபாயாக இருந்தபோது அந்தக் கடன் 3,500 கோடி இலங்கை ரூபாய். டாலர் 360ஐத் தொட்ட நாளில் அதே கடன் 6,300 கோடி. ஒரு விமானம்கூடக் கூடுதலாக வாங்காமல், ஓர் ஆளைக்கூடப் புதிதாக வேலைக்கு எடுக்காமல், இரண்டே மாதத்தில் 2,800 கோடி தலையில் ஏறியது. இதில் நிர்வாகத்தின் திருட்டு எங்கே இருக்கிறது? அந்தக் கோடையில் கொழும்பில் விமான எரிபொருள் கிடைக்காமல், அவர்களுடைய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை நாம் பார்த்தோம். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு எண்ணெய்க்குப் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு ஓடிய கதை அது. புயல் நாளில் வள்ளத்தை விற்பவனுக்கு விறகு விலைதான் கிடைக்கும். ரூபாய் நிலைகொள்ளும்வரை அரசு அதைக் கையில் வைத்திருப்பதே சரி என்பது என் கருத்து.

மண்டபம் வாடை:

கீழக்கரைக் காக்கா அவர்களுக்கு வணக்கம். வங்கியில் ஏற்றுமதிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மண்டபத்திலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் இறாலும் நண்டும் ஏற்றுமதி செய்தவர்களின் கணக்குப் புத்தகங்களோடு என் பாதி வாழ்க்கை கழிந்தது. அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்: நட்டம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது?

2022 மே 16 அன்று, பதவியேற்ற சில நாட்களிலேயே பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களிடம் பேசினார். அப்போது அவர் சொன்ன கணக்கின்படி, 2021 மார்ச் 31 வரையில் அந்த நிறுவனத்தின் திரண்ட நட்டம் 37,200 கோடி இலங்கை ரூபாய். தேதியைக் கவனியுங்கள். ரூபாய் சரிந்தது 2022 மார்ச்சில். அதற்கு ஓராண்டு முன்பே, டாலர் 200 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தபோதே, இந்தப் பள்ளம் தோண்டப்பட்டிருந்தது. காக்கா சொல்லும் 2,800 கோடி அந்தப் பள்ளத்தின் மேல் பெய்த மழை மட்டுமே.

இன்னொரு கணக்கும் உண்டு. 1998இல் துபாயின் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, பத்தாண்டுகளுக்கு நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் இலங்கை ரூபாய் உறுதியாக நின்றதா என்றால் இல்லை. 1998இல் ஏறத்தாழ 65 ரூபாயாக இருந்த டாலர் 2008இல் 108 ஆகிவிட்டது. போதாததற்கு 2001 ஜூலையில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலில் விமானங்கள் எரிந்தன. அவ்வளவுக்குப் பிறகும் இலாபம் காட்டிய ஆண்டுகள் அந்தக் காலத்தில் உண்டு. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பவிருந்த அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பரிவாரத்துக்கு இடம் கொடுப்பதற்காக, சீட்டு வாங்கிய பயணிகளை இறக்கிவிட நிறுவனம் மறுத்தது. அதன் தலைமை நிர்வாகியின் வேலை அனுமதி இரத்தானது; 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது; 2010இல் அதன் பங்கை அரசே 5.3 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. வீழ்ச்சியின் தொடக்கத்தை நான் அங்கே வைப்பேன். நாணயச் சந்தையில் தேடினால் அது கிடைக்காது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான கதை. மிகின் லங்கா என்று 2007இல் அரசே இன்னொரு விமான நிறுவனத்தைத் தொடங்கி, நட்டத்தில் நடத்தி, 2016இல் மூடி, அதன் சுமையை இதன் தோளில் ஏற்றியது. மத்தளையில் 2013இல் ஆளில்லாத இடத்தில் விமான நிலையம் கட்டி, இந்த நிறுவனத்தின் விமானங்களை அங்கே இறங்கச் செய்தார்கள்; 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்தச் சேவை நின்றது. 2013இல் ஏ350 ரகப் பெரிய விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2016இல் வேண்டாமென்று முறித்து, குத்தகை நிறுவனத்துக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் தண்டம் கட்டினார்கள். அந்த விற்பனைக்காக விமான நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவியை, அந்த விமானங்களைத் தயாரிக்கும் ஏர்பஸ் இடைத்தரகராக அமர்த்தி 20 இலட்சம் டாலர் கொடுத்த செய்தி, 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஏர்பஸ் ஒப்புக்கொண்ட ஆவணங்களில் வெளிவந்தது. இவற்றில் எதை மத்திய வங்கியின் கணக்கில் எழுதுவது?

இராமநாதபுரம் சீட்டு முகவர்:

பெரியவர்கள் இருவரும் பேசும்போது குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சீட்டு விற்பவன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு செய்தி சொல்கிறேன்.

அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி இலங்கை ரூபாயில் வருகிறது என்று நினைத்துக்கொண்டுதான் இந்த வாதம் ஓடுகிறது. அப்படியில்லை. என் கடையில் மதுரை–கொழும்பு சீட்டு விற்றால் வருவது இந்திய ரூபாய். லண்டனில் விற்றால் பவுண்டு, துபாயில் விற்றால் திர்கம். இலங்கை ரூபாய் விழும்போது அவர்களுடைய ஊழியர் சம்பளமும் தரைப்பணிச் செலவும் டாலர் கணக்கில் குறையும். நண்டு ஏற்றுமதிக்காரருக்கு ரூபாய் விழுந்தால் கொண்டாட்டம் என்பதை மண்டபம் ஐயாவே அறிவார். அந்த நியாயத்தில் ஒரு பங்கு இந்த நிறுவனத்துக்கும் உண்டு. அதோடு 2022இல் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பல, கொழும்பில் விற்ற சீட்டுக்கான பணத்தை டாலராக்கி வெளியே எடுக்க முடியாமல் சேவைகளைக் குறைத்துக்கொண்டன. போட்டி குறைந்து, இருக்கைகள் நிரம்பி, கட்டணமும் ஏறிய காலம் அது. ஆகவே ரூபாய் விழுந்ததால் அவர்களுக்கு வந்தது முழுவதும் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன்.

கீழக்கரையார்:

மண்டபம் அண்ணாச்சி சொன்ன 1998 முதல் 2008 வரையிலான கணக்கை மறுக்க மாட்டேன். ஆனால் பத்தாண்டில் 65 ரூபாய் 108 ஆவதும், பத்து வாரத்தில் 200 ரூபாய் 360 ஆவதும் ஒன்றல்ல. மெதுவாக விழும் நாணயத்துக்கு ஏற்றபடி கட்டணத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போகலாம். வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரேயடியாக விழுந்தால், சென்ற மாதம் முன்பதிவில் விற்ற சீட்டுக்கு இந்த மாத விலையில் எரிபொருள் போட வேண்டிவரும்.

அந்த வீழ்ச்சி ஏன் ஒரேயடியாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021இன் பிற்பகுதியிலிருந்து மத்திய வங்கி டாலரை 203 ரூபாயில் கட்டிவைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர்கள் அதற்கு மேல் கொடுத்தார்கள். எந்தக் குடும்பம் வங்கி வழியாகப் பணம் அனுப்பும்? 2020இல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளிகளின் பணவரவு 2021இல் 550 கோடியாகக் குறைந்தது. உண்டியலைப் பற்றிக் கீழக்கரைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டாலர் நாட்டுக்குள் வராமல் போனது. எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் போனது. விமானம் திருவனந்தபுரத்தில் போய் நின்றது. இந்தச் சங்கிலியில் விமான நிறுவனம் கடைசிக் கண்ணி. முதல் கண்ணியைப் பிடித்திருந்தவர்களை விட்டுவிட்டுக் கடைசிக் கண்ணியை ஏலத்தில் விற்பது என்ன நியாயம்?

பெரியபட்டினத்துப் பொறியாளர்:

காக்கா, நான் சார்ஜாவில் விமானப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கொழும்பு வழியாகத்தான் வருகிறேன். ரூபாயா நிர்வாகமா என்ற கேள்விக்கு நடுவில், அன்றாடம் நிறுவனத்தை உறிஞ்சுவது எது என்பதை நீங்கள் இருவரும் தொடவில்லை.

குத்தகைக்கு எடுத்த விமானத்துக்கு மாத வாடகை மட்டும் கட்டினால் போதாது. முதலில் சில மாத வாடகைக்குச் சமமான வைப்புத்தொகை கொடுக்க வேண்டும். பிறகு, விமானம் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ஜினுக்கு இவ்வளவு, தரையிறங்கும் சக்கரத் தொகுதிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் காப்புப் பணத்தைக் குத்தகைக்கு விட்டவரிடம் டாலராகச் செலுத்திக்கொண்டே வர வேண்டும். நிறுவனத்தின் மீதோ நாட்டின் மீதோ நம்பிக்கை குறைந்தால், வைப்புத்தொகையைக் கூடுதலாகக் கேட்பார்கள். பாகம் விற்பவர் தவணை தரமாட்டார், முன்பணம் கேட்பார். என்ஜின் பழுதுபார்க்கும் கூடம் வரிசையில் உங்களைப் பின்னே தள்ளும். நாணயம் விழுந்தது ஓர் அடி என்றால், நாடே கடன் கட்டவில்லை என்ற பெயர் இரண்டாவது அடி; எனக்குத் தெரிந்து இரண்டாவதுதான் நீண்ட நாள் வலிக்கும்.

அடுத்து நடந்தது எல்லாரும் பார்த்தது. ஏ320 நியோ ரக விமானங்கள் சில, என்ஜின் இல்லாமல் கட்டுநாயக்கத்தில் தரையில் நின்றன. நின்ற விமானத்துக்கும் வாடகை உண்டு. நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது வட்டி கட்டிக் கிடப்பதில்லை அல்லவா, அதே நிலைமை. ஒரே வித்தியாசம், தடைக்காலம் முடியும் தேதி நமக்குத் தெரியும், என்ஜின் வரும் தேதி அவர்களுக்குத் தெரியாது. இருக்கிற விமானங்களை அதிகம் ஓட்டுவார்கள், அவையும் பழுதாகும், காலை விமானம் மாலையில் கிளம்பும், பயணி அடுத்த முறை வேறு நிறுவனத்தைப் பார்ப்பார். ஆகவே மண்டபம் ஐயா சொல்லும் பழைய கடனும் காக்கா சொல்லும் ரூபாயும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. பழைய கடன் இல்லாத நிறுவனமாக இருந்திருந்தால் 2022ஐப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருக்கும்.

தொண்டிக் கரை:

பொருளியல் கற்பிப்பவன் என்பதால் முதலீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில்தான் இரு தரப்பும் அவசரப்படுவதாக எனக்குத் தோன்றுகிறது.

விற்றிருக்க வேண்டும் என்பவர்கள், வாங்க ஆள் வரிசையில் நின்றது போலப் பேசுகிறார்கள். 2017இல் அமெரிக்காவின் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனம் கணக்குகளைப் பார்த்துவிட்டு விலகியது. பிறகு 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் தந்து, அரசு நிறுவனங்களைச் சீர்செய்யும் வேலையும் திட்டத்தில் சேர்ந்தபோது, மறுபடியும் விற்பனை அறிவிப்பு வந்தது. 2024 ஏப்ரலில் விண்ணப்பங்களைத் திறந்தபோது இருந்தவை ஆறு. பெரிய பன்னாட்டு விமான நிறுவனம் எதுவும் தன் பெயரில் நேரடியாக முன்வரவில்லை. ஏர் ஏசியா குழுமத்தின் ஆலோசனை நிறுவனம் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது, அவ்வளவே. அதே ஆண்டு ஜூன் 25 அன்று பத்திரத்தின் தவணை நாள் வந்தது, பணம் கட்டப்படவில்லை. ஆண்டின் இறுதியில் அனுர குமார திசாநாயக்கவின் அரசு விற்பனையைக் கைவிட்டு, நிறுவனம் அரசிடமே இருக்கும் என்றது. ஆக, விற்க மறுத்தார்கள் என்பதைவிட, விற்கத்தக்க விலை கிடைக்கவில்லை என்பது உண்மைக்கு அருகில் இருக்கும்.

ஏன் கிடைக்கவில்லை? டாலரைக் கொண்டுவந்து போடுபவர், தன் பணம் ஐந்தாண்டில் எத்தனை டாலராகத் திரும்பும் என்றுதான் கணக்குப் போடுவார். நாணயம் எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டால் அவர் அந்த அச்சத்தை விலையில் கழிப்பார். அரசு நாளைக்குக் கொள்கையை மாற்றுமோ என்ற அச்சத்தையும் கழிப்பார். இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சும் விலை, காக்கா சொன்ன விறகு விலைதான். நாணயத்தின் பலவீனமும் முதலீட்டின் தயக்கமும் ஒன்றையொன்று வளர்க்கும். ஒன்றைக் காரணம் என்றும் மற்றதை விளைவு என்றும் பிரித்துக் காட்ட முடியாது.

முதலீட்டாளர் வந்தால் மட்டும் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2013இல் அபுதாபியின் எத்திகாட், ஜெட் ஏர்வேசில் 24 சதவீதப் பங்கு வாங்கியது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட்டின் கடைசி விமானம் இறங்கியது. பிறகு அதை மீட்க ஒரு கூட்டமைப்பு முன்வந்து, ஆண்டுக் கணக்கில் இழுத்து, 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கலைத்துவிட உத்தரவிட்டது. பணம் வருகிறது, வருகிறது என்ற பேச்சிலேயே நான்கைந்து ஆண்டுகள் போயின. ஊழியர்கள் அந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்தார்கள்.

இன்னொரு சிறு செய்தி, கணக்கு படிப்பவர்களுக்காக. அந்த நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. 2022இல் ரூபாயை விட்டது மார்ச் 7இல். ஆண்டுக் கணக்கை மூடும் நாளில் டாலர் 300ஐ நெருங்கியிருந்தது. கடைசி மூன்று வாரச் சரிவு, ஆண்டு முழுவதற்குமான கணக்கில் நட்டமாக ஏறிவிட்டது. 2023 மார்ச் இறுதியில் 327 அளவில் இருந்த டாலர், 2024 மார்ச் இறுதியில் 300 அளவுக்கு இறங்கியது. காக்கா காட்டிய அந்த ஒரு பத்திரத்திலேயே ஏறத்தாழ 470 கோடி ரூபாய் கடன் காகிதத்தில் கரைந்துவிடும். அந்த ஆண்டு நிறுவனம் இலாபம் காட்டியபோது பலர் கைதட்டினார்கள். ரூபாய் விழுந்த ஆண்டின் நட்டத்தை நிர்வாகத்தின் மீது போடக்கூடாது என்றால், ரூபாய் எழுந்த ஆண்டின் இலாபத்தையும் நிர்வாகத்துக்குக் கொடுக்கக்கூடாது. காக்கா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பாம்பன்காரன்:

இத்தனை பேர் அடுத்த நாட்டு நிறுவனத்துக்கு அழுகிறீர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் கடல். 1964 புயலுக்கு முன்பு இரயிலிலிருந்து இறங்கிக் கப்பலில் ஏறிப் போன தூரம். இன்று அதற்கு எதிர்த்திசையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறோம். அந்த நிறுவனம் மதுரையை விட்டுவிட்டால் திருச்சிக்கு ஓட வேண்டியதுதான். எனக்கு அதன் கடனைப் பற்றிய கவலை அவ்வளவு மட்டுமே.

மண்டபம் வாடை:

பாம்பன் தம்பிக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் அந்த நிறுவனம் பிழைக்கும் வழியைப் பேசுகிறேன். நட்டத்தில் ஓடும் நிறுவனம் முதலில் கைவிடுவது மதுரையைப் போன்ற சிறிய ஊர்களைத்தான், லண்டனை அல்ல.

தொண்டி ஆசிரியர் ஜெட்டைக் காட்டினார். நான் ஏர் இந்தியாவைக் காட்டுகிறேன். 2021இல் டாடா கொடுத்த விலை 18,000 கோடி ரூபாய்; அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது, அரசின் கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. மொத்தக் கடன் 61,562 கோடியில் மிஞ்சிய 46,262 கோடியை அரசு தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றித் தானே சுமந்தது. இதைப் பார்த்து, விற்றும் கடன் போகவில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதுவரை நாளொன்றுக்கு 20 கோடி நட்டம் என்று அரசே சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்டைப் படகில் ஏற்கெனவே புகுந்த தண்ணீரை யார் இறைப்பது என்பது ஒரு கேள்வி, ஓட்டையை அடைப்பது வேறு வேலை. ஒருவர் ஓட்டையை அடைக்க ஒப்புக்கொண்டால், தண்ணீரை நானே இறைத்துக்கொள்கிறேன் என்று அரசு சொல்வதில் தவறில்லை.

இறைப்பது யார் என்பதில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதே மே 16 உரையில், விமானத்தில் காலே வைத்திராத ஏழையும் இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று ரணில் சொன்னார். அவருடைய அரசியலோடு எனக்குப் பெரிய ஒட்டுதல் இல்லை. இந்த ஒன்றைச் சரியாகச் சொன்னார். என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் மண்டபம் முகாம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நாள் கணக்கில் தங்கவைத்து, நோய் சோதித்துக் கப்பலேற்றிய இடம். அங்கே வழியனுப்பப்பட்டவர்களில் நம் மாவட்டத்தாரும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் நுவரெலியாவில் வாங்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டும் வரியில் ஏ350 தண்டத்தின் பங்கு இருக்கிறது. பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் அரசு வங்கிகளுக்கும் அந்த நிறுவனம் வைத்த பாக்கியும் முடிவில் அவர்கள் தலையில்தான் இறங்கும். அரசு கையில் வைத்திருக்கட்டும் என்று எழுதுவது நமக்கு எளிது, காக்கா. வைத்திருப்பதற்கான செலவு நம் பையிலிருந்து போகவில்லை.

கீழக்கரையார்:

அண்ணாச்சியின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். புறக்கோட்டையில் என் கடையில் பொதி தூக்கியவர்களில் ஹட்டன் பக்கத்துப் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் விமானம் ஏறியதில்லை. இதற்கு மேல் அந்த விஷயத்தில் நான் வாதாடவில்லை.

தொண்டி ஆசிரியர் கேட்டதற்குப் பதில்: ஏற்றுக்கொள்கிறேன். 2023-24 இலாபத்தை நிர்வாகத்தின் திறமை என்று நான் எங்கும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். நட்டத்தில் ரூபாயின் பங்கு எவ்வளவு, பழைய கடனின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும் கணக்கைத்தான் கேட்கிறேன். அதைப் பார்க்காமல் எல்லாப் பழியையும் ஒரு பக்கம் தள்ளினால், நாளை ரூபாய் மறுபடி விழும்போது, வாங்கியவர் தனியாராக இருந்தாலும் அவருக்கும் இதே கதி. பெரியபட்டினத்து மகள் சொன்ன வைப்புத்தொகையை டாடாவிடமும் கேட்பார்கள், அரசிடமும் கேட்பார்கள்.

ஆனால் விற்பதற்கு இது நேரமில்லை என்பதில் மாறவில்லை. ஆறு விண்ணப்பத்தில் பெரிய விமான நிறுவனம் ஒன்று நேரே வரவில்லை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார்.

பெரியபட்டினத்துப் பொறியாளர்:

டாடாவிடமும் கேட்பார்கள் என்பது உண்மைதான், காக்கா. ஆனால் குறைவாகக் கேட்பார்கள். பெயருக்கு விலை உண்டு. குத்தகைக்கு விடுபவர் முதலில் பார்ப்பது யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதை. இலங்கை அரசின் உத்தரவாதத்தோடு வந்த பத்திரமே தவணை தவறிய பிறகு, அந்தக் கையெழுத்து இனி எவ்வளவு பெறும் என்பதை மண்டபம் ஐயாவைப் போன்ற வங்கிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

மண்டபம் வாடை:

என் மேசைக்கு அப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால், கூடுதல் ஈடு இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், மகளே. டாலரில் சம்பாதிப்பவருக்குத்தான் டாலர் கடன் என்பது எங்கள் பாலபாடம். முகவர் தம்பி சொன்னபடி இந்த நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தில் சம்பாதிக்கவே செய்கிறது; சம்பாதித்தும் வட்டிக்குக் கூடப் போதவில்லை என்பதால்தான் ரூபாயை நான் முதல் குற்றவாளியாக ஏற்கவில்லை. இரண்டாவது குற்றவாளி என்றால் ஒப்புக்கொள்கிறேன். இதுவரை அந்த அளவுக்கும் இறங்கிவரவில்லை. கணக்கு மூடும் தேதியைப் பற்றி ஆசிரியர் எழுதியது என்னை இறக்கியது.

கீழக்கரையார்:

இரண்டாவது இடம் கிடைத்ததே போதும். முகவர் தம்பிக்கு ஒரு கேள்வி: டிசம்பரில் புத்தளத்தில் தங்கை மகள் நிக்காஹ். முடித்துக்கொண்டு அங்கிருந்தே துபாய்க்குப் போக வேண்டும். மதுரை–கொழும்பு இப்போதே எடுத்துவிடலாமா, இல்லை பொறுக்கட்டுமா?

இராமநாதபுரம் சீட்டு முகவர்:

எடுத்துவிடுங்கள் காக்கா, டிசம்பர் கடைசியில் விலை ஏறிவிடும். ஆனால் மதுரை–கொழும்பு ஒன்று, கொழும்பு–துபாய் ஒன்று என்று இரண்டு சீட்டாக எடுக்க வேண்டாம். கொழும்பில் சில நாள் தங்கிப் போகும்படி ஒரே சீட்டாகப் போட்டுத் தருகிறேன். ஒரு பகுதியை அவர்கள் இரத்து செய்தால் மறுபகுதிக்கும் அவர்களே பொறுப்பு. தனித்தனியாக எடுத்து, ஒரு நிறுவனம் சேவையை நிறுத்தியபோது பணத்துக்கு அலைந்த வாடிக்கையாளர் எனக்கு உண்டு. அவருக்கு இன்றுவரை பாதிப் பணம் வரவில்லை. பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்பிவையுங்கள், விலையை நாளைக் காலையில் பார்த்துச் சொல்கிறேன்.